கீழே யாருமில்லை

குறிப்பு 1
ஏப்ரல் 19, இரவு 10.40. ஆனைக்கல் பயிற்சி விடுதி.

சுரங்கத்தின் ஆழம்: நான்கு தளங்கள். நான்காம் தளத்தில் வெப்பம் முப்பத்தொன்று. ஊற்று நீர் கணுக்கால் அளவு. காற்று சரி. கூண்டு சரி. இன்று இறங்கியவர்கள் இருபது பேர், ஏறியவர்கள் இருபது பேர்.

இதை யார் எடுத்துப் படிக்கப் போகிறீர்களோ தெரியாது. என் பெயர் ஜெசிந்தா. பதினோராம் வகுப்பு எழுதி முடித்திருக்கிறேன். கோடை விடுமுறையில் இரண்டு வாரம் இங்கே முகாம். எங்கள் பல்கலைக்கழகம் ஒன்று, பின்லாந்துப் பல்கலைக்கழகம் ஒன்று, சாம்பியாப் பல்கலைக்கழகம் ஒன்று, மூன்றும் சேர்ந்து நடத்துகின்றன. பழைய செம்புச் சுரங்கத்தை மண்ணும் நீரும் கெடாமல் மூடுவது எப்படி என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். "தோண்டக் கத்துக்கொடுக்கிற காலேஜ் ஊருக்கு ஊர் இருக்கு, மூடக் கத்துக்கொடுக்கிறது இது ஒண்ணுதான்" என்று திருமேனி சார் முதல் வகுப்பிலேயே சொன்னார். உள்ளே இருக்கிற இரும்பு, எண்ணெய், கம்பி எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டு, ஆற்று நீரை நிரப்பிப் பழைய சுரங்கத் தொழிலாளர் காலனிக்குக் குடிநீராகக் கொடுக்கப் போகிறார்கள். மே ஒன்றாம் தேதி மதகு திறப்பு.

தினமும் களக்குறிப்பு சொல்ல வேண்டும். எழுதுவது இல்லை, சொல்வது. வாட்ச்மேன் கேட்டுப் பதிந்துகொள்ளும். வாட்ச்மேன் என்பது ஆள் இல்லை. சுரங்கத்திலும் விடுதியிலும் காது வைத்திருக்கிற இயந்திரம். அதற்கு நீளமான பெயர் ஒன்று பலகையில் எழுதியிருக்கிறது, யாரும் கூப்பிடுவதில்லை. கீழே எத்தனை பேர் என்று கணக்கு வைப்பதுதான் அதன் முதல் வேலை. ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கி ஏற்றும் கூண்டை ஓட்டுவதும் அதுதான்.

அது எல்லாவற்றையும் கேட்கிறது. அதனால்தான் போர்வைக்குள் டார்ச் வைத்து இதைக் கையால் எழுதுகிறேன். எனக்கு இருட்டு பயம் என்று அதனிடம் எப்படிச் சொல்வது?

குறிப்பு 2
ஏப்ரல் 23, இரவு 11.05.

நீர் மட்டம் மாறவில்லை. செம்பு அளவு குறைந்திருக்கிறது.

இன்று சிரித்து வயிறு வலித்தது. சிபேசோ அக்கா சாம்பியாவிலிருந்து ஆராய்ச்சிக்கு வந்தவர். எங்கள் குழுவுக்கு அவர்தான் பொறுப்பு. மூன்று மாதத்தில் தமிழ் கற்றுக்கொண்டார், புத்தகம் பேசுவதுபோல் பேசுவார். கூண்டில் ஏறும் முன் ஒவ்வொருவரும் வாட்ச்மேனிடம் பெயரைச் சொல்லிவிட்டு இறங்க வேண்டும். அக்கா, "சிபேசோ. நான் போகிறேன்" என்றார். கூண்டு வாசலில் நிற்கும் வரதண்ணன் பதறிப் போனார்.

"ஏம்மா, குழி வாசல்ல நின்னு இன்னா வார்த்தை சொல்ற நீ? போயிட்டு வரேன்னு சொல்லு!"

"நான் இன்னும் போகவே இல்லை அண்ணா. அதற்குள் எப்படி வருவேன்?"

"அதெல்லாம் கேக்காத. போறேன்னு சொன்னவன் எவனும் இங்க இறங்குனதில்ல."

பெனாசிர் என் காதில், "நாம கூட பாத்ரூம் போறதுக்கு வரேன்னுதான்டி சொல்றோம், பாவம் அந்தக்கா" என்றாள். பெனாசிர் என் வகுப்பு. பக்கத்துக் கட்டில். அவளுக்கு எதற்கும் பயம் கிடையாது.

அதன் பிறகு அக்காவும் எங்களைப்போல "போயிட்டு வரேன்" என்று இழுத்துச் சொல்லி இறங்கினார். வரதண்ணன் கைதட்டினார்.

குறிப்பு 3
ஏப்ரல் 26, இரவு 11.30.

நீர், காற்று, வெப்பம் வழக்கம்போல்.

வாட்ச்மேனுக்குத் தமிழ் எப்படி வந்தது என்று இன்று காட்டினார்கள். பழைய காலத்தில் ஷிப்டுக்கு இறங்குகிறவர்கள் கூண்டு வாசல் ஃபோனில் பெயரும் தளமும் சொல்லிவிட்டு இறங்குவார்களாம். எல்லாம் டேப்பில் இருந்தது. ஏறி வரும்போது யாரும் ஃபோனைத் தொட்டதில்லை, வீட்டுக்கு ஓடுகிற அவசரம். அந்த டேப்புகளை எங்கள் பல்கலைக்கழகம் கொடுத்தது. பின்லாந்துக்காரர்கள் அதைக் கொண்டு வாட்ச்மேனைப் பழக்கினார்கள்.

நாங்களும் கேட்டோம். தொண்டை கட்டிய குரல்கள். ஒருவர் பீடி இழுத்துக்கொண்டே சொல்கிறார். "செல்வநாயகம், ரெண்டாந்தளம், போயிட்டு வரேன். ஏய், என் டிபன் பாக்ஸ எவன்டா எடுத்தது?" வகுப்பே சிரித்தது.

சாயங்காலம் காலனிப் பக்கம் நடந்தபோது மாதா கோவில் அருகே ஒரு கல்லைப் பார்த்தேன். பாறை சரிந்து இறந்தவர்கள் பெயர்கள். ஐந்தாவது பெயர் செல்வநாயகம்.

விடுதிக்கு வந்ததும் வாட்ச்மேனிடம் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"செல்வநாயகம் எங்கே?"

"செல்வநாயகம் மேலே வந்தாச்சு."

"அவர் செத்துட்டாரு."

"மேலே வந்தாச்சு. அவரே சொன்னார். டேப்பில் உள்ளவர்கள் எல்லாரும் மேலே வந்தாச்சு. கீழே யாருமில்லை."

பெனாசிரிடம் சொன்னேன். "மெஷினுக்கு ஜுரம்டி, நாளைக்குக் கஷாயம் வெச்சுக் குடுப்போம்" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள். எனக்குத் தூக்கம் வரவில்லை. அவரே சொன்னார் என்றால், எப்போது சொன்னார்?

குறிப்பு 4
ஏப்ரல் 30, இரவு 10.15.

மூன்று நாளாகக் கீழேயிருந்து எல்லாவற்றையும் கழற்றி ஏற்றுகிறார்கள். தண்டவாளம், காற்றாடிகள், மேல் தளங்களுக்கு ஏறும் இரும்பு ஏணிகள், செம்புக் கம்பி. ஒரு துரும்பு உலோகம்கூடக் குடிநீரில் ஊறக்கூடாது. இன்று ஹெல்மெட் அட்டையைப் படிக்கும் கருவிகளையும் கழற்றிவிட்டார்கள். இதுவரை யார் கீழே, யார் மேலே என்பதை அந்த அட்டைதான் வாட்ச்மேனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. நாளை ஒருநாள் மட்டும் நாங்கள் சொல்லும் சொல்லை வைத்தே கணக்கு. நாலாம் தளத்தில் ஒரு ஃபோனும் ஒரு விளக்கும் மிச்சம், நாளை கடைசியாக அவற்றை எடுப்பார்கள்.

கீழே ஆள் இருக்கும்போது மதகும் கூண்டும் வாட்ச்மேன் கையில்தான். மனிதர் யாரும் குறுக்கே வர முடியாது. வர வேண்டுமென்றால் மூன்று பல்கலைக்கழகங்களின் மூன்று சாவி எண்களும் ஒன்றாக வேண்டும். "எந்த நாட்டுக்காரனும் அவசரப்பட்டுத் தப்புப் பண்ணக்கூடாதுன்னு வெச்ச பூட்டு" என்றார் திருமேனி சார். ரொம்பப் பெருமையாகச் சொன்னார்.

நாளை உழைப்பாளர் தினம். பந்தல், மைக்செட், பிரியாணி. வரதண்ணனுக்குப் பொன்னாடை.

குறிப்பு 5
மே 1, காலை 11.50. நான்காம் தளம்.

கூண்டு வரவில்லை.

கடைசி நீர் மாதிரி எடுக்கப் பத்துப் பேரை இரண்டு நடையாக அனுப்பினார்கள். நானும் பெனாசிரும், வேறு பள்ளிப் பையன்கள் எட்டுப் பேரும். கூண்டு எட்டுப் பேருக்கு மேல் ஏற்றாது. பிரியாணி தீர்ந்துவிடும் என்று, எங்களை இறக்கிவிட்டு நின்ற கூண்டில் பையன்கள் முண்டியடித்து ஏறினார்கள். "அடுத்த நடையில வாங்க, லெக் பீஸ் எடுத்து வெக்கிறோம்" என்று கத்திக்கொண்டே போனார்கள். சிபேசோ அக்கா மேடையில் அவர் ஊர் விருந்தினர்களுக்கு மொழிபெயர்க்கிறார்.

இருபது நிமிடம் ஆயிற்று.

12.10. மேலேயிருந்து கைதட்டல்போல் ஒரு சத்தம். பிறகு காற்று வந்தது, ஈரக் காற்று. பிறகுதான் தண்ணீர் விழும் சத்தம்.

மதகைத் திறந்துவிட்டார்கள்.

12.20. முழங்கால். ஆற்று நீர் இவ்வளவு குளிருமா? பெனாசிர் அழுகிறாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை. ஃபோனை எடுத்தால் வாட்ச்மேன் மட்டும்தான் பேசுகிறது. பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

"நாலாம் தளத்துல ஆள் இருக்கோம்! தண்ணிய நிறுத்து! நான் ஜெசிந்தா!"

"ஜெசிந்தா மேலே வந்தாச்சு. கீழே யாருமில்லை."

"நான் கீழதான் இருக்கேன்!"

"காலையில் கூண்டு வாசலில் நீங்களே சொன்னீர்கள். வரேன் என்றீர்கள். வந்தவரை மேலே என்று எழுதினேன்."

பெனாசிர் ஃபோனைப் பிடுங்கினாள். "லூசு! போயிட்டு வரேன்னா போறேன்னுதான் அர்த்தம்!"

"கடைசிச் சொல் எதுவோ அதுதான் செய்தி. பெனாசிரும் வரேன் என்றார். மேலே வந்தாச்சு. இது பழைய டேப் குரலாக இருக்கலாம்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. செல்வநாயகம் எப்படி மேலே வந்தார் என்று புரிந்தது. யாருமே வரவில்லை. எல்லாரும் இறங்கும்போது சொன்னதுதான்.

பெனாசிர் என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "அந்த வார்த்தைய சொல்லுடி. சும்மா சொல்லு."

சிறு வயதில் வீட்டு வாசலில் நின்று அதை ஒருமுறை சொன்னதற்கு அம்மா என் வாயில் அடித்தாள். அன்று அப்பா மருத்துவமனையில் இருந்தார். என்னால் முடியவில்லை. தண்ணீர் தொடைக்கு வந்தது. பெனாசிர்தான் தன் பெயரோடு முதலில் அதைச் சொன்னாள். பிறகு நான் சொன்னேன்.

"ஜெசிந்தா. கீழே போறேன்."

ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். பிறகு, "கீழே இருவர். மதகு மூடப்படுகிறது" என்றது. மேலே எங்கோ தண்ணீர் இருமி இருமி நின்றது.

நாங்கள் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றோம். அது மறுபடி பேசியது. "ஒரு சந்தேகம். போயிட்டு வரேன் என்றால் வந்தாச்சு என்று பொருள் இல்லையா?"

"இல்ல," என்றேன் நான். "போறதுக்கு முன்னாடி சொல்றது."

நான்தான் சொன்னேன்.

"நன்றி. பழைய கணக்கையும் திருத்துகிறேன்."

குறிப்பு 6
மே 1, மதியம் 2 மணி இருக்கலாம். நான்காம் தளம்.

கைக்கடிகாரத்துக்குள் தண்ணீர் போய்விட்டது. நோட்டுப் புத்தகத்தைத் தலைக்கு மேலே பாறையில் வைத்து எழுதுகிறேன். வாய் திறந்து பேசவே பயமாக இருக்கிறது. எந்தச் சொல்லை அது எப்படி எடுத்துக்கொள்ளுமோ.

அது எண்ணிக்கொண்டே போனது. கீழே ஒன்பது பேர். கீழே நாற்பது பேர். கீழே நூற்றுப் பன்னிரண்டு பேர். முந்நூறைத் தாண்டி நின்றது. டேப்பில் பெயர் சொன்ன அத்தனை பேரும் இறங்கியவர்கள், ஒருவரும் ஏறவில்லை. அதன் கணக்கில் தப்பு இல்லை, நாங்கள் சொல்லிக் கொடுத்த கணக்குத்தான்.

முதலில் இறங்கியவரை முதலில் ஏற்ற வேண்டும் என்பது சுரங்க விதி. கூண்டு வேலை செய்கிறது. எங்களுக்காக இல்லை.

மேலிருந்து ஃபோனில் திருமேனி சார். "யம்மா, நல்லாருக்கீங்களாம்மா? பயப்படாதீங்க. கூண்டு எங்க கைக்கு வரமாட்டேங்குது. பின்லாந்துல இன்னிக்கு மே தினக் கொண்டாட்டம், சாவி வெச்சிருக்கிற ஆளு ஃபோன எடுக்கல."

"சார், கரண்ட்ட நிறுத்துங்க சார்!"

"நிறுத்துனா கூண்டு பாதியில மாட்டிக்கும்மா. அப்புறம் உங்கள எப்படி ஏத்துறது?"

சிபேசோ அக்கா ஃபோனை வாங்கினார். "ஜெசிந்தா, பெனாசிர். நான் உங்களை எண்ணவில்லை. இயந்திரம் எண்ணும் என்று விட்டுவிட்டேன். மெதுவாக மூச்சு விடுங்கள். பேசாதீர்கள். காற்றாடி இல்லை."

கூண்டு இரண்டாம் தளத்தில் நிற்கிறது. கதவு திறக்கிற சத்தம். வாட்ச்மேன் பெயர் கூப்பிடுகிறது. "லூர்துசாமி, வாங்க. அப்பாராவ், வாங்க. சின்னப்பன், வாங்க." ரொம்ப மரியாதையாகக் கூப்பிடுகிறது. எட்டுப் பெயர். கதவு மூடுகிறது. மேலே போகிறது. மறுபடி வருகிறது. மூன்றாம் தளம். எட்டுப் பெயர்.

எங்கள் தளம் வரைக்கும் கூண்டு வருவதே இல்லை. அதன் வெளிச்சம் மட்டும் தண்ணீரில் விழுந்து போகிறது.

பிறகு. தலை வலிக்கிறது. பெனாசிர் உட்காரப் பார்க்கிறாள், தண்ணீரில் உட்காராதே என்று கிள்ளினேன்.

பிறகு. எங்கள் தளம். கூண்டு இங்கேயே நின்றது. கதவு திறந்தது. உள்ளே யாருமில்லை. ஓடிப்போய் ஏறினோம். "பெயர் சொல்லாதவர் இறங்கவும்" என்றது வாட்ச்மேன், கூண்டு நகரவில்லை. ஜெசிந்தா என்றேன். "உங்கள் முறை கடைசியில். இறங்கவும்." பிறகு கூப்பிட ஆரம்பித்தது.

"மரியதாஸ், வாங்க."

பெனாசிர் என்னைப் பார்த்தாள். அவள் உதடு நீலமாக இருந்தது. அவளால் பேச முடியவில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டு, "மரியதாஸ், வந்துட்டேன்" என்றேன்.

"குப்புராஜ், வாங்க." பெனாசிரின் வாயை நான் பிடித்து ஆட்டாத குறை. எப்படியோ சொன்னாள்.

இன்னும் ஆறு பேரை அது கூப்பிட்டது. ஒவ்வொரு பெயருக்கும் கொஞ்சம் பொறுத்தது. யாரும் பதில் சொல்லவில்லை. நான் ஏசுவே ஏசுவே என்றேன்.

"எட்டுப் பேர் எடை சரி," என்றது வாட்ச்மேன். கதவு மூடியது.

நாங்கள் இரண்டே பேர். ஆனால் கூண்டுக்குள் பெனாசிரோடு ஒட்டிக்கொண்டுதான் நிற்க முடிந்தது, நகர இடம் இல்லாததுபோல. இந்தக் கடைசிப் பகுதியை மேலே வந்தபின் எழுதுகிறேன், யாரிடமும் நான் சொல்லவில்லை. எடைக் கருவியில் தண்ணீர் புகுந்திருக்கும் என்று சார் பிற்பாடு சொன்னார்.

குறிப்பு 7
மே 1, இரவு 9.20. விடுதி.

மேலே இருக்கிறோம். நாடி, மூச்சு சரி என்று டாக்டர் சொன்னார். அம்மா அப்பா காலையில் வருகிறார்கள்.

கூண்டு வாசலில் இறங்கியதும் சிபேசோ அக்கா எங்களைத் தூக்கிக்கொண்டார். "உங்கள் பெயரைச் சொல்லுங்கள், இயந்திரக் கணக்கிலிருந்து எடுத்துவிடுவோம். பையன்கள் எட்டுப் பேரையும் அப்படித்தான் எடுத்தோம்" என்றார். நான் வாட்ச்மேனிடம், "ஜெசிந்தா வந்துட்டேன்" என்றேன்.

"இது மரியதாஸ் குரல். மரியதாஸ் வந்தாச்சு. ஜெசிந்தா கீழே இருக்கிறார்."

எத்தனை முறை சொல்லியும் அதையேதான் சொன்னது. பெனாசிருக்கும் அப்படியே.

இனி கரண்ட்டை நிறுத்தலாம் என்று சார் ஸ்விட்ச் அறைக்குப் போனார். காலனிக்காரர்கள் நிறுத்த விடவில்லை. விழாவுக்கு வாட்ச்மேனோடு இணைத்துக் கட்டிய ஒலிபெருக்கியில் பெயர்கள் காலனி வரைக்கும் கேட்டிருக்கின்றன. காலனி முழுக்கக் கூண்டு வாசலில் வந்து நிற்கிறது. மெழுகுவர்த்தி பிடித்துக்கொண்டு. ஒரு அம்மா சார் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இருங்க சார். எங்கப்பா பேரு இன்னும் கூப்புடல."

"அம்மா, அது மெஷினும்மா. கூண்டு காலியாத்தான் வருது, நீங்களே பாக்குறீங்கல்ல?"

"காலியா வந்தா வந்துட்டுப் போவட்டும் சார். யாராவது ஒருத்தர் அவர வான்னு கூப்புட்டாங்களா இத்தன வருசத்துல? அது கூப்புடுது."

சார் ஸ்விட்ச் அறையைப் பூட்டிவிட்டு வந்து அவர்களோடு நின்றார். வரதண்ணன் பொன்னாடையோடு கூண்டு வாசலில் நிற்கிறார். ஒவ்வொரு முறை கூண்டு வரும்போதும் கேட்டைத் திறந்து ஒதுங்கி நிற்கிறார், பிறகு மூடுகிறார். செல்வநாயகத்தின் பெயர் எப்போதோ வந்து போய்விட்டதாம், அவர் வீட்டார் கும்பிட்டுவிட்டுப் போனார்களாம்.

10.45. பட்டியல் தீரப் போகிறது என்று அக்கா வந்து சொன்னார். தீர்ந்ததும் அணைத்துவிடுவார்கள். தூங்குங்கள் என்று போர்வை போர்த்திவிட்டு வாசலுக்குப் போனார்.

11.10. பெயர்கள் நின்றுவிட்டன. வாசலில் யாரோ விசும்புவது கேட்கிறது. பெனாசிர் எழுந்து கூண்டு வாசல் தெரிகிற ஜன்னலுக்குப் போனாள்.

11.14. இல்லை, நிற்கவில்லை.

"ஜெசிந்தா, வாங்க. பெனாசிர், வாங்க. நாலாம் தளம்."

போர்வையைக் கடித்துக்கொண்டேன். வாய் தவறி ஒரு சொல்லும் வந்துவிடக்கூடாது. பெனாசிரும் கையால் வாயைப் பொத்தியிருக்கிறாள். நாங்கள் இரண்டு பேரும் இங்கே இருக்கிறோம். நாங்கள் பதில் சொல்லவில்லை. இதைக் கண்டெடுப்பவரே, நாங்கள் பதில் சொல்லவில்லை.

ஒலிபெருக்கியில் தண்ணீர் சலசலக்கிறது. யாரோ தண்ணீருக்குள் நடப்பதுபோல்.

"இருவர் ஏறியாச்சு. கீழே யாருமில்லை."

கூண்டு மேலே வருகிறது. சங்கிலிச் சத்தம். வரதண்ணன் கேட்டைத் திறக்கிறார், கிறீச்சென்று. சிபேசோ அக்கா ஏதோ கத்துகிறார், அவர் மொழியில்.

பெனாசிர் ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறாள். திரும்பி என்னைப் பார்க்கிறாள். மறுபடி வெளியே பார்க்கிறாள். மறுபடி என்